மடோனா குரலைத் தாழ்த்தியபோது

1992 அக்டோபரில் 'எரோட்டிகா' ஆல்பம் வந்தபோது மடோனா தனக்கு 'டீட்டா' என்று வேறொரு பெயர் சூட்டிக்கொண்டிருந்தார். நியூயார்க் டிஜே ஷெப் பெட்டிபோன் போட்ட கிளப் தாளத்தின் மேல், பாதிப் பேச்சும் பாதி அதட்டலுமாகப் பாடினார். கூடவே அலுமினிய அட்டையில் 'செக்ஸ்' என்ற படப்புத்தகம். புத்தகம் கிளப்பிய கூச்சலில் பாட்டு அமுங்கிப்போனது. 1994 மார்ச்சில் லெட்டர்மேனின் டிவி நிகழ்ச்சியில் உட்கார்ந்து கெட்ட வார்த்தைகளாகக் கொட்டினார். அவர் பெயரின் சரிவு இன்னும் வேகமானது.

அதே ஆண்டு அக்டோபரில் வந்தது 'பெட்டைம் ஸ்டோரீஸ்'. அதிலிருந்து முதலில் வெளியான 'சீக்ரெட்', கிடாரை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு காதோரம் பேசுவதுபோல் தொடங்குகிறது. குரலுக்கு முன்னால் நின்ற தாளம் இப்போது பின்னால் போய்விட்டது. டாலஸ் ஆஸ்டின், பேபிஃபேஸ் என்று ஆர் அண்ட் பி ஆட்களைத் தேடிப் பிடித்திருந்தார். இதில் வியாபாரக் கணக்கும் உண்டு. பேபிஃபேஸ் எழுதி பாய்ஸ் டூ மென் பாடிய 'ஐல் மேக் லவ் டு யூ' அந்த வருஷம் அமெரிக்காவில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மடோனாவுக்கா தெரியாது!

இந்த ஆல்பத்துக்காகப் பேபிஃபேஸோடு சேர்ந்து எழுதிய 'டேக் எ பௌ' அமெரிக்காவில் 7 வாரம் முதலிடம் பிடித்தது. மடோனாவின் வேறெந்தப் பாட்டும் அத்தனை வாரம் நின்றதில்லை. பிரிட்டனிலோ அது முதல் பத்துக்குள்ளேயே வரவில்லை.

பணிந்துவிட்டார் என்று சொன்னவர்கள் இதே ஆல்பத்தில் உள்ள 'ஹ்யூமன் நேச்சர்' பாட்டைக் கேட்கவில்லை போலும். தன்னைத் திட்டியவர்களுக்கு அதில் மன்னிப்பு இல்லை, பதிலடிதான். மாறியது சத்தம், ஆள் அல்ல. அந்த மென்மையும் 1994இல் திடீரென்று முளைத்ததில்லை. எய்ட்ஸில் இறந்த நண்பர்களுக்காக அவர் பாடிய 'இன் திஸ் லைஃப்' அந்த 'எரோட்டிகா'விலேயே இருக்கிறது. புத்தகத்தைப் புரட்டிய கூட்டத்துக்கு அது காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

பிறகு 'எவிடா' படத்துக்காக முறையாகக் குரல் பயிற்சி எடுத்தார். அதன் பலன் 1998இன் 'ரே ஆஃப் லைட்'டில் தெரிகிறது. ஆனால் அந்தப் பாதைக்குத் திரும்பிய இடம் 'பெட்டைம் ஸ்டோரீஸ்' என்பேன். கேட்கப்போகிறவர்கள் 'இன் திஸ் லைஃப்' பாட்டை முதலில் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள்.