திசை தொலைத்த சவுரி

முகூர்த்த மாதம் வந்தால் ஓசூர் கடைத்தெருவில் சவுரி முடிக்குக் கிராக்கி. விலை குறைந்த சரத்தைக்கூட எடுத்துத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும். வாங்கி இரண்டு மூன்று தடவை தலைக்குக் குளித்ததும் பளபளப்பு காணாமல் போய், பிடரியில் சிக்கு உருண்டு, சீப்பு இறங்க மறுக்கும். ‘ஒரிஜினல் முடின்னு சொன்னாரே’ என்று கடைக்காரரைத் திட்டுவோம். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். செயற்கை இழை உருகி மணியாகத் திரளும். மனித முடி தீய்ந்த நாற்றத்தோடு கருகி, நசுக்கினால் பொடியாகும்.

அசல் முடிதான் என்றால் ஏன் இப்படிச் சிக்காகிறது? உங்கள் தலைமுடி ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நீளவாக்கில் வைத்து, விரல்களை முன்னும் பின்னும் தேயுங்கள். முடி தானாக நகரும். வேர்ப்பக்கம் முன்னே போகுமே தவிர, நுனி ஒருநாளும் முந்தாது.

காரணம், முடியைப் போர்த்தியிருக்கும் செதில்கள். நாட்டு ஓடு வேய்ந்த கூரைபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறி, விளிம்பெல்லாம் நுனியைப் பார்த்திருக்கும். இந்தப் போர்வைக்குச் செதிலுறை என்று பெயர். ஒரு செதிலின் கனம் மில்லிமீட்டரில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. நூறு செதிலை அடுக்கினாலும் பலருடைய ஒற்றை முடியின் தடிமனை எட்டாது. வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் விரல் வழுக்கும், எதிர்த்துத் தடவினால் விளிம்புகள் பிடிக்கும்.

தலையில் எல்லா முடியும் ஒரே திசையில் வளர்வதால் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நழுவிவிடுகின்றன. ஒரு முடியை மட்டும் தலைகீழாகத் திருப்பி வைத்தால், பக்கத்து முடியின் செதிலில் அதன் செதில் மாட்டும். ஈரத்தில் அசைய அசைய முன்னேறும், பின்வாங்காது. ஓசூர்க் குளிருக்கு வாங்கிய கம்பளி ஸ்வெட்டர் வாஷிங் மெஷினில் சுருங்கிப்போவதும் இதனால்தான். ஆட்டு ரோமத்துக்கும் செதில் உண்டு.

இனி, சவுரி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சீப்பில் வரும் சிக்குமுடியைச் சுருட்டி வைத்திருந்து, தெருவில் வருபவரிடம் பாத்திரத்துக்கோ பின்னுக்கோ போடுகிறோம் அல்லவா? அப்படிச் சேரும் முடி மூட்டைகள் போகும் இடங்களில் ஒன்று, கர்நாடகத்தில் கொப்பளை ஒட்டிய பாக்யநகர். அங்கே உட்கார்ந்து கையாலேயே சிக்கெடுத்து, நீளம் பார்த்துப் பிரிக்கிறார்கள். அசாத்தியப் பொறுமை! ஆனால் அந்த உருண்டையில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் பார்த்துத் திருப்பி வைக்கலாம்தான், கூலி கட்டுப்படியாகாது.

அதனால் மலிவுச் சரக்கில் குறுக்குவழி: செதிலையே ஒழித்துவிடுவது. முடியை அமிலத்தில் ஊறவைத்தால் செதில் அரித்துப் போகும், சிக்குவதற்கு எதுவும் மிஞ்சாது. சொரசொரப்பை மறைக்க மேலே சிலிக்கோன் பூச்சு. மட்டமான யுக்தி என்று ஒதுக்கிவிட முடியாது. மெஷினில் துவைக்கக்கூடிய கம்பளித் துணிகளையும் குளோரினால் செதிலை மட்டுப்படுத்தி, மெல்லிய பிசின் பூசித்தான் தயாரிக்கிறார்கள்.

கம்பளியில் பிசின் ஒட்டி நிற்கிறது. சவுரியின் சிலிக்கோனை ஷாம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிவிடுகிறது. செதில்மேல் வேதிப்பிணைப்பால் ஒட்டியிருந்து தண்ணீரைத் தள்ளும் மெல்லிய கொழுப்புப் படலமும் அமிலத்தோடு போயிருக்கும். போனால் போனதுதான். வேரில் எண்ணெய் சுரக்கவும் வழியில்லாத முடி, தண்ணீரைக் குடித்து உப்பி முறுக்கிக்கொள்கிறது.

திருமலையில் காணிக்கையாகும் நீள முடிக்கு ஏலத்தில் ஏன் அத்தனை மதிப்பு என்பது இப்போது விளங்கும். கட்டி முடிந்துவிட்டு மழிப்பதால் வேர்ப்பக்கமெல்லாம் ஒன்றாகவே நிற்கிறது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளரும். 20 அங்குலச் சரம் என்பது யாரோ ஒருவர் தலையில் நான்கு வருடத்துக்கு மேல் வளர்ந்தது.

கடையில் சவுரியை மேலிருந்து கீழே தடவிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். கீழிருந்து மேலேயும் ஒருமுறை தடவுங்கள். லேசாக விரலைப் பிடித்தால் செதில் இருக்கிறது, வாங்கலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கினால், நீங்கள் தொடுவது சிலிக்கோனை.