பட்டறையிலிருந்து பொறியியல் கல்லூரிக்கு

இராஜபாளையத்திலிருந்து மதுரை செல்லும் பேருந்தில் போயிருக்கிறீர்களா? ஏறுகிற ஊரிலேயே 1936-இல் தொடங்கப்பட்ட இராஜபாளையம் மில் இருக்கிறது. பி. ஏ. சி. இராமசாமி ராஜா பாலிடெக்னிக்கும் 1963 முதல் அவ்வூரில் நடந்து வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால் கிருஷ்ணன்கோவில். அங்கே 1984-இல் தொடங்கிய கலசலிங்கம் பொறியியல் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. ஆலை, பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மூன்றையும் பேருந்துச் சாலை இணைக்கிறது. படிப்பிலும் இப்படி ஒரு சாலை உண்டா? உண்டு.

பத்தாம் வகுப்புக்குப் பின் மேல்நிலைப் பள்ளியில் 2 ஆண்டு, கல்லூரியில் 4 ஆண்டு, ஆக 6 ஆண்டில் பொறியாளர் ஆகலாம். இது எல்லோரும் அறிந்த வழி. பத்தாம் வகுப்பு முடித்ததுமே பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் 3 ஆண்டில் பட்டயம் கிடைக்கும். பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கூட்டிப் பாருங்கள்: 3 + 3 = 6. அதே ஆறு ஆண்டுகள்தாம்!

தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐ.டி.ஐ.) பிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் போன்ற 2 ஆண்டுப் பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். அவருக்கு 2 + 2 + 3 = 7 ஆண்டுகள். ஓர் ஆண்டு கூடுதல்தான். ஆனால், வீட்டில் பணமுடை வந்து படிப்பு இடையில் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, உதவித்தொகை பெற்றுக்கொண்டே ஆலையில் வேலை பழகவும் வாய்ப்புண்டு.

அப்படியானால் இந்த வழியில் இடறும் இடம் எது? கணிதம்! இரண்டாம் ஆண்டில் நேரே சேருபவர், முதலாண்டில் மற்றவர்கள் கற்ற கணிதத்தையும் இயற்பியலையும் வகுப்பில் கேட்காமலே தாண்டிவிடுகிறார். பட்டறையில் கை தேர்ந்த பலர் திணறுவது இங்கேதான்.

அந்தக் கணக்கு எதற்கு என்கிறீர்களா? பட்டறையில் மைக்ரோமீட்டர் எனப்படும் திருகு அளவியை எடுத்துக்கொள்வோம். திருகை ஒரு சுற்றுச் சுற்றினால் அது 0.5 மி.மீ. நகரும். தலைக்கோலில் 50 பிரிவுகள். ஆகவே ஒரு பிரிவு 0.01 மி.மீ. இதைக் கொண்டு, 25 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டைப் பிட்டர் பிழையின்றி அளந்துவிடுவார். காலையில் துளைக்குள் எளிதாகச் சுழன்ற தண்டு, இயந்திரம் சூடேறியதும் இறுகுவானேன்? எஃகு ஒரு டிகிரி செல்சியசுக்குத் தன் நீளத்தில் ஏறத்தாழ 0.000012 பங்கு விரிகிறது. தண்டு மட்டும் 40 டிகிரி சூடேறினால், 25 × 40 × 0.000012 = 0.012 மி.மீ. அளவியின் ஒரு பிரிவுக்கும் சற்று அதிகம்! எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வது பொறியாளரின் வேலை. அளந்து பழகிய கைக்கு இந்தக் கணக்கும் தெரிந்துவிட்டால் அவரைவிடச் சிறந்த பொறியாளர் யார்?

ஆகவே, ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ சேரப் போகும் மாணவர்களே, பழைய பாடநூல்களை எடைக்குப் போடும்போது கணக்குப் புத்தகத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இரண்டு கணக்காவது போட்டு வாருங்கள்.