ஓடும் பிள்ளைக்கு ஓர் ஏடு

"பையன் உட்கார மாட்டேங்கிறான் அண்ணே!"

கடலூர் முதுநகரில், மீன்பிடித் துறையில் கூடை தூக்கும் தோழர் ஒருவர் நம்மிடம் சொன்னது இது. மூன்றாம் வகுப்புப் படிக்கிறான் மகன். எழுகிறான், ஓடுகிறான், பக்கத்துப் பிள்ளையின் நோட்டை இழுக்கிறான், மறுபடியும் ஓடுகிறான். பிரம்பு பேசிப் பார்த்தது, பயனில்லை. பெஞ்சின் மேல் ஏற்றினார்கள், அங்கிருந்தும் குதித்தான். 'டி.சி.யை வாங்கிக்கொண்டு போ' என்று பேச்சு வந்துவிட்டது. குலதெய்வத்துக்கு முடி இறக்கி, மந்திரித்த கயிறும் கட்டியாகிவிட்டது. கயிறு அறுந்ததே தவிர, ஓட்டம் நிற்கவில்லை!

"பேசாம என்னோடயே துறைக்கு அழைச்சிக்கிட்டுப் போயிடலாம்னு பார்க்கிறேன்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் நம்மைச் சுட்டது.

தோழர்களே! 1953-ல் இந்த மாநிலத்தில் ஒரு கல்வித் திட்டம் வந்தது. பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு, ஊர் ஊராக நின்று எதிர்த்தது நம் இயக்கம். 1954-ல் இராசாசி பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், திட்டம் புதைக்கப்பட்டது. தலைவாசலில் விரட்டப்பட்ட அந்தக் குலக்கல்வி, கொல்லைப்புறமாக நுழைய இன்று திட்டம் எதுவும் வேண்டாம், ஒரு டி.சி. போதும்! மாடிவீட்டுப் பிள்ளை ஓடினால் 'துறுதுறுப்பு' என்கிறார்கள். கூடை தூக்குகிறவர் பிள்ளை ஓடினால் 'அடங்காப்பிடாரி' என்கிறார்கள். ஓட்டம் ஒன்றுதான், பெயர்தான் இரண்டு.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பள்ளியில் அடிக்கக் கூடாதென்று தமிழ்நாட்டுக் கல்வி விதிகளை 2003-லேயே திருத்தினார்கள். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது அதன் 16-வது பிரிவு. உடலை அடிப்பதும் உள்ளத்தை வதைப்பதும் குற்றம் என்கிறது 17-வது பிரிவு. இதைக் காட்டி டி.சி.யைத் தடுத்துவிடலாம். ஆனால் மறுநாள் காலை அதே பையனும் அதே ஆசிரியையும் அதே அறையில்தானே இருக்க வேண்டும்? அவர் ஒருவர், எதிரே முப்பது பிள்ளைகள். பிரம்பைக் கீழே போடச் சொன்னோம், சரி. வெறுங்கையோடு நிற்பவருக்கு என்ன கொடுத்தோம்?

இந்தக் கேள்வியோடுதான், கூட்டம் ஒன்றுக்காகச் சிதம்பரம் போனோம். 1916-ல் சுவாமி சகசானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய ஊர் அது. அன்று ஒடுக்கப்பட்டோர் பிள்ளைக்குப் பள்ளியில் உட்கார இடமில்லை என்றார்கள். இன்று இடத்தைக் கொடுத்துவிட்டு, உட்காரத் தெரியவில்லை என்கிறார்கள்! (இன்னொரு வேடிக்கையும் உண்டு. தூக்கிய காலை இன்னும் இறக்காத தில்லைக் கூத்தனைக் காண எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். காலாட்டிய சிறுவனுக்கோ வகுப்புக்கு வெளியேதான் இடம்!)

அங்கே ஆசிரியத் தோழர் ஒருவர் ஒரு தாளை எடுத்து ஐந்து கட்டம் போட்டார். எத்தனை மணிக்கு எழுந்தான்? அப்போது என்ன பாடம்? சற்று முன் என்ன நடந்தது? அவன் என்ன செய்தான்? செய்தபின் அவனுக்கு என்ன கிடைத்தது? "ஒரு வாரம் இதை எழுதட்டும். அப்புறம் பேசலாம்" என்றார்.

கடலூரில் எழுதினார்கள். அந்த ஆசிரியையே எழுதினார். உழைக்கிறவர், குறை சொல்ல நமக்கு மனமில்லை. எழுதியதைப் படித்ததும் அவரே வியந்து போனார். நாள் முழுதும் ஓடவில்லை பையன்! கரும்பலகையைப் பார்த்து நெடுநேரம் எழுதும் வேளையிலும், பகல் சாப்பாட்டுக்குப் பிந்திய மணியிலும்தான் ஓட்டம். கதை கேட்கும்போது அசையவில்லை; புளியங்கொட்டை எண்ணிக் கணக்குப் போடும்போது அசையவில்லை. ஐந்தாம் கட்டம்தான் கண்ணைத் திறந்தது. 'வெளியே போ' என்றால் என்ன கிடைத்தது? எழுத்து வேலையிலிருந்து விடுதலை! தண்டனை என்று நாம் கொடுத்ததைப் பரிசாக வாங்கிக்கொண்டு போயிருக்கிறான் பயல்.

அதன்பின் திட்டம் தானாகவே வந்தது. பத்து வரி எழுதச் சொன்ன இடத்தில் மூன்று வரி. முடித்ததும் எழுந்துபோய்ப் பலகையைத் துடைக்கலாம். அடுத்த மூன்று வரி; நோட்டுகளை எல்லோருக்கும் கொடுக்கலாம். வாசலோரத்து இடம் மாறி, ஆசிரியைக்கு அருகில் இடம். பின்சுவரோரம் நின்றுகொண்டு எழுதவும் அனுமதி. 'சேட்டை செய்யாதே' என்ற கட்டளை போய், 'முடித்துவிட்டு எழு' என்பது வந்தது. முடித்தால் அந்த நிமிடமே ஒரு நல்ல சொல். ஒவ்வொரு மணிக்கும் தாளில் ஒரு குறி. மாலையில் தாள் வீட்டுக்கு வரும். அப்பா பார்த்துக் கையெழுத்திடுவார். முக்கியமான இன்னொன்று: விளையாட்டு மணியைப் பறிப்பது தண்டனை ஆகாது. ஐந்து முதல் பதினேழு வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடல் ஓடியாட வேண்டும் என்று உலக நலவாழ்வு அமைப்பே சொல்கிறது. ஓடத் துடிக்கும் பிள்ளையிடம் ஓட்டத்தைப் பறித்தால், அது வகுப்பறைக்குள் வந்து ஓடாமல் என்ன செய்யும்?

இது நாம் கண்டுபிடித்த புதுமையும் அல்ல. 1907-ல் ரோம் நகரில், சான் லோரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவரைப் பாழாக்குகிறார்கள் என்று கட்டட உரிமையாளர்கள் கவலைப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் பள்ளியைத் தொடங்கினார். நடக்கவும் எடுக்கவும் துடைக்கவும் விட்டே கற்பித்தார். 1939-ல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். பாட்டாளி பிள்ளைக்குப் பிறந்த முறை, இன்று பணக்காரப் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் தொங்குகிறது!

ஒன்றை மறைக்கக் கூடாது. சில பிள்ளைகளுக்குத் தாள் மட்டும் போதாது. கண், காது, தூக்கம், காலைப் பசி எல்லாவற்றையும் முதலில் பார்க்க வேண்டும். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் வயிற்றுக்கு மட்டுமல்ல, வகுப்பறைக்கும் மருந்துதான். பள்ளியிலும் வீட்டிலும், ஆறு மாதத்துக்கு மேலாக, படிப்பையும் பழக்கத்தையும் கெடுக்கும் அளவுக்கு ஓட்டமும் கவனச் சிதறலும் இருந்தால், அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மூளையின் வளர்ச்சியில் உள்ள வேறுபாடு அது. பெற்றவள் வளர்ப்பும் அல்ல, போன பிறவி வினையும் அல்ல. மருத்துவருக்கும் அந்தத் தாள் உதவும்.

அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள் என்பது சட்டம். முதுநகர்த் தோழர் இந்த முறை கூட்டத்துக்கு வேலையை விட்டுவிட்டுப் போனார், மடியில் தாளோடு. செவ்வாயன்று ஆறு மணியில் நான்கு குறி. புதனன்று மழை, விளையாட்டு இல்லை, இரண்டே குறி. வெள்ளிக்கிழமை ஆசிரியையும் அவரும் உட்கார்ந்து, எழுதும் வரிகளை மூன்றிலிருந்து நான்காக்கலாமா என்று பேசப் போகிறார்கள்.