பீரோவில் தூங்கும் ஹார்ட் டிஸ்க்... கல்யாண வீடியோ இன்னும் இருக்கிறதா?

சீர்காழி சட்டைநாதர் கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு யாகசாலை அமைக்க 2023 ஏப்ரல் 16-ம் தேதி மண் தோண்டினார்கள். உள்ளிருந்து ஐம்பொன் சிலைகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிவந்தன. திருஞானசம்பந்தர் பிறந்த ஊரிலேயே தேவாரம் கிடைத்ததை அப்போது தமிழகமே பேசியது. செப்பேடுகளில் சில சிதைந்திருந்தன. எது முழுசு, எது சிதைந்தது என்பது கண்ணால் பார்த்தாலே தெரிந்தது.

நம் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவே கிடக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு அந்த வசதி இல்லை. வெளியே ஒரு கீறலும் இருக்காது. கம்ப்யூட்டரில் செருகினால் ஃபோல்டர்கள் வரிசையாக வரும். ஃபைல் பெயர்களும் சரியாக இருக்கும். கல்யாண வீடியோவை ஓடவிட்டால், தாலி கட்டும் நேரத்தில் திரை உறைந்து நிற்கும். பெயர்ப் பட்டியல் டிஸ்க்கில் ஓரிடத்தில் இருக்கிறது, படமும் வீடியோவும் வேறிடத்தில் இருக்கின்றன. பட்டியல் தெரிகிறது என்பதற்காக உள்ளே இருப்பதும் பத்திரம் என்று நம்ப முடியாது.

டிஸ்க் தன்னிடம் உள்ளதை 512 அல்லது 4,096 பைட் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாக எழுதி வைக்கிறது. அவற்றின் பெயர் செக்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்தக் குறியீடு உண்டு. லேசாக அழிந்திருந்தால் அதை வைத்து டிஸ்க்கே சரிசெய்துகொள்ளும். அதிகமாக அழிந்தால், ‘படிக்க முடியவில்லை’ என்று கைவிரித்துவிடும். சிக்கல் என்னவென்றால், அந்தக் கட்டத்தை யாராவது படிக்கக் கேட்கும்வரை இது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. ஆகவே முழு டிஸ்க்கையும் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை ஒருமுறை படிக்கச் சொல்ல வேண்டும்.

அரசு லேப்டாப் இருக்கா?

இதற்குக் காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்கத் தேவையில்லை. யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸ் போதும். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த பல லேப்டாப்களில் விண்டோஸோடு ‘பாஸ் லினக்ஸ்’ என்ற ஒன்றும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது. அநேக வீடுகளில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு கதை. அந்த லேப்டாப் இல்லையென்றால், லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்று இருந்தாலும் போதும்.

‘டெர்மினல்’ என்ற கறுப்புத் திரையைத் திறந்து ‘எல்எஸ்பிஎல்கே’ என்று தட்டினால், இணைத்திருக்கும் டிஸ்க்குகளின் பெயரும் அளவும் வரும். அளவை வைத்து உங்கள் டிஸ்க் எது என்று கண்டுபிடிக்கலாம். பிறகு ‘சூடோ’ என்ற சொல், அடுத்து ‘பேட்பிளாக்ஸ்’, இடைவெளி விட்டு ஒரு சிறு கோட்டோடு எஸ், வி என்ற இரு எழுத்துகள், கடைசியில் டிஸ்க்கின் முழுப் பெயர். எல்லாமே சின்ன எழுத்தில். இந்தச் சோதனை எதையும் எழுதாது, அழிக்காது, படித்துப் பார்க்க மட்டும் செய்யும்.

ஆனால், அந்தச் சிறு கோட்டுக்குப் பக்கத்தில் ‘டபிள்யூ’ எழுத்து மட்டும் வந்துவிடக் கூடாது. அது டிஸ்க் முழுவதும் புதிதாக எழுதிப் பார்க்கும் சோதனை. உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும்.

ஒரு டெராபைட் டிஸ்க், விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் படித்தால் 3 மணி நேரத்துக்குள் முடியும். பழைய லேப்டாப்பின் பழைய யு.எஸ்.பி துளையில் 9 மணி நேரம்கூட ஆகலாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஓடவிடுங்கள். டிஸ்க் ஆடாமல் மேசைமேல் இருக்கட்டும். காலையில் திரையில் மூன்று எண்கள் இருக்கும். அதில் முதலாவதுதான் படிக்கும்போது வந்த பிழைகள். மூன்றும் பூஜ்ஜியம் என்றால் நிம்மதியாகக் காபி குடிக்கலாம்.

டிஸ்க் தானே எழுதிவைக்கும் உடல்நலக் குறிப்பு ஒன்றும் உண்டு. ‘ஸ்மார்ட்சிடிஎல்’ என்ற கட்டளை அதைக் காட்டும். ‘கரன்ட் பெண்டிங் செக்டார்’ என்ற வரியில் பூஜ்ஜியத்துக்கு மேல் எண் இருந்தால், படிக்க முடியாமல் கிடக்கும் கட்டங்கள் இருக்கின்றன என்று அர்த்தம். சில யு.எஸ்.பி பெட்டிகள் இந்தக் குறிப்பை வெளியே விடாது. குறிப்பு சுத்தமாக இருந்தாலும் முழுக்க நம்பிவிட முடியாது. கூகுள் நிறுவனப் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட கட்டுரையில், பழுதானவற்றில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான எச்சரிக்கை எதையும் காட்டாமலே போயிருந்தன. அதே கட்டுரையில் இன்னொரு தகவல்: சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையே இல்லாத டிஸ்க்கைவிட, அடுத்த 60 நாள்களில் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம்.

ஒரே ஒரு பிழை வந்தாலும் ‘திரும்ப ஒருமுறை பார்ப்போம்’ என்று சோதனையை மறுபடி ஓட்டாதீர்கள். தேய்ந்த டிஸ்க்குக்கு ஒவ்வொரு ஓட்டமும் சுமை. அன்றே நகல் எடுக்க வேண்டும். ‘டிடிரெஸ்க்யூ’ என்ற இலவசக் கருவி நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, மக்கர் செய்யும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை எடுத்தோம் என்று குறித்தும் வைத்துக்கொள்வதால், நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வேறெங்குமே நகல் இல்லாத படங்கள் என்றால் சோதனைக்கு முன்பே நகல் எடுத்துவிடுவது நல்லது. ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். உடனே கழற்றிவிட்டு, டேட்டா மீட்பவர்களிடம் கொண்டு போங்கள்.

இரண்டாவது நகலின் அருமையைக் காவிரிக் கரை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. ஓலைச்சுவடிகள் எதிலும் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று, திருவாரூர் மாவட்டம் திருவிடைவாசல் கோயில் கல்வெட்டில் 1917-ல் கிடைத்தது. ஓலை விட்டதைக் கல் வைத்திருந்தது!

நகலை அதே பீரோவில் வைப்பதில் பயனில்லை. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ மழை கொட்டி, வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படியொரு நாளில் கீழ்த்தட்டில் இருக்கும் இரண்டு டிஸ்க்குகளும் சேர்ந்தே நனையும். ஒன்றை வெளியூர் மகள் வீட்டில் கொடுத்து வையுங்கள். நனைந்துபோன டிஸ்க்கை, வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகக்கூடச் செருக வேண்டாம். ஹேர் டிரையரும் வேண்டாம். அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.