பரீட்சைக்கு முந்திய பதினைந்து வாரங்கள்

நல்லூரில் இருப்பவர்கள் மணிக்கூடு பார்க்காமலே நாளைக் கழிக்கலாம். கந்தசுவாமி கோயில் பூசை மணி பிந்துவதில்லை. அங்கே குறித்த நேரம் என்றால் குறித்த நேரந்தான் என்று யாழ்ப்பாணம் முழுக்கப் பேர். அந்தக் கோயிலிலிருந்து இரண்டு மூன்று ஒழுங்கை தள்ளி ஒரு வீட்டில் அறையெடுத்துத் தங்கி, திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழகத்துக்குச் சைக்கிளில் போய்வருகிறாள் என் ராத்தாவின் மகள். வீடு புத்தளத்தில். 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள் போய்ச் சேர்ந்த ஊர்களில் ஒன்று அது. நான் திரும்பி வந்து இங்கே படிப்பிக்கிறேன். ராத்தா வரவில்லை, அவள் மகள் படிப்புக்காக வந்திருக்கிறாள்.

ஒரு ஆவணி மாதத்துப் பின்னேரம் அவளைப் பார்க்கப் போனேன். சுவரில் ஒரு பெரிய தாள். நான்கு நிறப் பேனாவால் கோடிட்ட நேரசூசி. விடிய நான்கு மணிக்குத் தொடங்கி இரவு பதினொரு மணிக்கு முடிகிறது. சாப்பாட்டுக்குப் பதினைந்து நிமிடம்.

"வடிவா இருக்கே மகள்" என்றேன்.

"வடிவாத்தான் இருக்கு சாச்சி. மூணு நாள்தான் சரிவந்திச்சு. இப்ப அதைப் பார்க்கவே பயமாக் கிடக்கு."

முதல் வருடத்தின் இரண்டாம் அரையாண்டுப் பரீட்சைக்கு அப்போது சரியாக ஐந்து வாரம் இருந்தது. முதல் அரையாண்டில் ஒரு பாடம் ஏற்கெனவே தவறிவிட்டது. தவறிய பாடத்தை மீண்டும் எழுதினால் எவ்வளவு திறமாக எழுதினாலும் பெரும்பாலும் 'சீ' தரத்துக்கு மேல் போடமாட்டார்கள். முதல் வருடப் பெறுபேற்றை வைத்துத்தான் சிறப்புக் கலைக்கு ஆள் எடுப்பார்கள் என்றும் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைக்கு நித்திரை இல்லை. ராத்தாவுக்கு இதொன்றும் தெரியாது.

நான் தமிழ் படித்தவள். கணக்கு எனக்குத் தூரம். ஆனாலும் அன்றைக்கு இருவரும் இருந்து ஒரு கணக்குப் போட்டோம். நமது பிள்ளைகள் பலருக்கும் அது தெரிந்திருப்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இலங்கையின் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது ஒரு மாணவர் செலவிடவேண்டிய 50 மணித்தியாலத்தைக் குறிக்கும். விரிவுரை, ஒப்படை, நூலகம், தனிப்படிப்பு, பரீட்சை எல்லாம் அதற்குள் அடக்கம். வருடத்துக்கு 30 கிரெடிட், ஓர் அரையாண்டுக்கு 15. ஆகவே ஓர் அரையாண்டுக்கு 750 மணித்தியாலம். பதினைந்து வாரத்தால் பிரித்தால் வாரத்துக்கு 50. இதில் விரிவுரை மண்டபத்தில் கழிவது வாரத்துக்குப் பதினைந்து மணித்தியாலம் அளவில்தான். மிச்சம் 35, அதாவது நாளுக்கு ஐந்து மணித்தியாலம், பிள்ளை தானாகப் படிக்கவேண்டியது. "லெக்சருக்கெல்லாம் ஒழுங்காப் போறேன்" என்று சொல்லும் பிள்ளை பத்தில் மூன்று பங்கு வேலையைத்தான் செய்திருக்கிறது.

"நீ இந்தப் பத்து வாரமும் நாளுக்கு எவ்வளவு படிச்சிருப்பாய்?"

யோசித்து, "ஒரு மணித்தியாலம் வருமா தெரியாது" என்றாள்.

அப்படியே வைத்தாலும் எழுபது மணித்தியாலம். படித்திருக்கவேண்டியது 350. பாக்கி 280. அந்தப் பாக்கியை மிஞ்சியிருக்கும் 35 நாளில் பரப்பினால் நாளுக்கு எட்டு மணித்தியாலம். வழமையான ஐந்தையும் கூட்டினால் பதின்மூன்று. விரிவுரைகளையும் சேர்த்தால்? அவள் சுவரில் ஒட்டியிருந்தது அதைத்தான். கூட்டல் கழித்தல் பிழையில்லை; அப்படி வாழக்கூடிய மனிசர்தான் இல்லை. பத்து வாரக் கடனை ஐந்து வாரத்தில் முழுசாக அடைக்க ஏலாது என்பதை ஒப்புக்கொள்வதற்கே எங்களுக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் எடுத்தது.

தன் வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைக் குறைத்து மதிப்பிடுவது படித்தவர்களுக்கும் உள்ள நோய். 1994இல் புளர், கிரிபின், றொஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே பிழைத்துப்போனால் எத்தனை நாள் என்றும் கேட்டார்கள். ஏறத்தாழ 49 நாள் என்றார்கள். உண்மையில் எடுத்தது 55 நாளுக்கும் மேல். தாங்களே கற்பனை செய்த மோசமான நிலையையும் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

ஆகவே முதல் வேலையாக அந்தத் தாளைக் கழற்றினோம். அடுத்த மூன்று நாளும் எதையும் திட்டமிடாமல், என்ன செய்கிறாள் என்பதை மட்டும் கொப்பியின் பின்பக்கத்தில் குறிக்கச் சொன்னேன். சமையல், உடுப்புத் தோய்த்தல், சைக்கிள் பயணம், கூட்டாளிகளோடு கதை, போன். போனுக்கு எதிரே எழுதியிருந்த எண்ணை அவளே வெட்டிவிட்டு எனக்குக் காட்டினாள், நானும் கேட்கவில்லை. எல்லாம் போக நாளுக்கு ஐந்து மணித்தியாலம் நிச்சயமாகக் கிடைத்தது. ஐந்து வாரத்துக்கு 175. அதிலும் வாரத்துக்கு ஒரு நாளைச் சும்மா விட்டுவைத்தோம். 150 மணித்தியாலம், ஐந்து பாடம்.

அந்தச் சும்மா விடும் நாளைப் பற்றிப் பெற்றோர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். 2024 உயர்தரப் பரீட்சையை நினைவூட்டுவேன். நவம்பர் 25இல் தொடங்கியது. மழையும் வெள்ளமும் சேர்ந்து 27ஆந் திகதி நின்றது. டிசம்பர் 4இல்தான் மறுபடி தொடங்கியது. யாழ்ப்பாணத்திலும் ஒழுங்கைகள் தண்ணீருக்குள். நேரசூசியில் ஓர் ஓட்டையும் விடாமல் அடைத்திருந்த பிள்ளைகள்தான் அந்த வாரத்தில் கூடுதலாகத் தடுமாறினார்கள். காய்ச்சல் வரும், கரண்ட் போகும், வீட்டில் ஒரு மௌத் நடக்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறிய சொட்டு மண்ணெண்ணெய், ஒரு திரி. எண்ணெய் இருக்கும்வரைதான் படிப்பு என்பதால், எதை முதலில் படிப்பது என்ற கேள்விக்கு அவர்களிடம் எப்போதும் பதில் இருந்திருக்கும்.

எங்கள் பிள்ளைகளுக்கு நாளைப் பிரிக்க வேறொரு வசதியும் இருக்கிறது. 'மாலை 6.00 முதல் 8.00' என்று எழுதினால் ஆறு மணி வரும், போகும். 'மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில்' என்று எழுதினால் எழும்பி உளூச் செய்து தொழுது இருக்கிற உடம்பு அப்படியே மேசையில் இருந்துவிடும். ஐரோப்பாவில் கோடைக்கும் குளிருக்கும் தொழுகை நேரங்கள் மணிக்கணக்கில் இழுபடும். யாழ்ப்பாணத்திலோ மஃரிப் வருடம் முழுவதும் ஏறத்தாழ 5.50க்கும் 6.40க்கும் இடையில்தான். ஆகவே வக்துகளில் கட்டிய நேரசூசியைப் பருவத்துக்குப் பருவம் மாற்றவேண்டியதில்லை. நோன்பு மாதத்தில் பரீட்சை வந்தால் மட்டும் சஹருக்குப் பிந்திய நேரத்தைப் பெரிதாக்கி, அஸருக்குப் பிந்தியதைச் சுருக்கவேண்டும்.

இவளுக்கு நோன்பில்லை, திருவிழா. நல்லூர் உற்சவம் இருபத்தைந்து நாள். கோயிலைச் சுற்றி வீதிகள் பூட்டு, ஒலிபெருக்கி, இரவில் சனம். வீட்டுக்கார அம்மா நல்ல மனுசி. "பிள்ளைக்குப் படிக்கக் கஷ்டமாயிருக்கும்" என்று பின்னறையை ஒழித்துக்கொடுத்தா. சுபஹுக்குப் பிந்திய இரண்டு மணித்தியாலத்துக்குக் கடினமான மொழியியலை மாற்றினோம். இரவுக்கு வாசிப்பு மட்டும். சத்தத்தோடு சண்டை பிடிக்கவில்லை.

இனி அந்த 150 மணித்தியாலத்துக்குள் என்ன செய்வது? இங்கேதான் கூடுதல் நட்டம் நடக்கிறது. நமது பிள்ளைகள் குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், மஞ்சள் பேனாவால் கோடு கீறுவார்கள். 2006இல் றோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே பகுதியை மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு சாரார் வாசித்துவிட்டு மீண்டும் வாசித்தனர். மறு சாரார் வாசித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்ததை எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னணி: 81 வீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரத்தின் பின் வாசித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. வாசித்த உடனே 'எல்லாம் விளங்கிட்டுது' என்று வரும் தெம்பு பரீட்சை நாளில் ஏன் காணாமல் போகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. கடந்தகால வினாத்தாள்களை நூலகத்தில் எடுத்து, ஒரு வினாவுக்கு 45 நிமிடம் வைத்து, கொப்பியை மூடிவிட்டு எழுதச் சொன்னேன். முதல் நாள் ஒரு பக்கம்கூட வரவில்லை என்று அழுதாள். அழுகை அங்கே வருவது நல்லது. மண்டபத்தில் வந்தால்தான் வில்லங்கம்.

ஐந்து பாடத்துக்கும் முப்பது முப்பதாகப் பங்கிடவுமில்லை. தொடர் மதிப்பீட்டுக்குப் பல பாடங்களில் முப்பது நாற்பது வீதம் ஒதுக்குகிறார்கள். அதில் நல்ல புள்ளி ஏற்கெனவே வாங்கிய பாடத்துக்கு இருபது மணித்தியாலம் போதும். வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்த நாட்களில் அங்கிருந்தவர்கள் எழுதியது லண்டன் பட்டப் பரீட்சையை. வருடக் கணக்கான படிப்பைச் சில நாட்களில் கொட்டவேண்டும். இன்றைய அரையாண்டு முறை அந்தப் பாரத்தைத் துண்டு துண்டாக்கித் தந்திருக்கிறது. ஆனால் பிள்ளைகள் இன்னும் லண்டன் பரீட்சைக்குப் போவதுபோலக் கடைசியில்தான் தொடங்குகிறார்கள்.

மண்டபத்துக்குள் நேரம் என்பது வேறு கதை. அதில் என் பிழையைச் சொல்லவேண்டும். இறுதி வருடத்தில் ஒரு வினாத்தாள். மூன்று மணித்தியாலம், நான்கு வினா. சீறாப்புராணத்தைப் பற்றி ஒரு வினா வந்திருந்தது. உமறுப்புலவரை நான் சின்ன வயதில் இருந்தே வாப்பாவின் வாயால் கேட்டு வளர்ந்தவள். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என்று எழுதினேன், எழுதினேன். நிமிர்ந்து பார்த்தபோது எண்பது நிமிடம் போயிருந்தது. கடைசி வினாவுக்கு இரண்டு பந்தி. ஒரு வினாவுக்கு 25 புள்ளி என்றால் முதல் பத்துப் பன்னிரண்டு புள்ளி இலகுவில் வரும். பதினெட்டுக்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் கல்லில் நார் உரிப்பது. மேலதிக முப்பத்தைந்து நிமிடத்தில் சீறாவுக்கு இரண்டு புள்ளி கூடியிருக்கலாம். கடைசி வினாவில் இழந்தது எட்டாவது இருக்கும். எனக்குக் கிடைக்கவேண்டிய வகுப்பு ஒரு படி இறங்கியது. உமறுப்புலவர் மேல் எனக்குக் கோபமில்லை.

உயர்தரத்தில் இரண்டாம் பத்திரத்துக்கு இப்போது பத்து நிமிடம் மேலதிக வாசிப்பு நேரம் தருகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் வினாக்களைத் தெரிவதோடு, ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு முடியவேண்டும் என்பதையும் மனதில் வைக்கச் சொல்வேன். 9.45, 10.30, 11.15. அந்த நேரம் வந்ததும் வசனம் பாதியில் நின்றாலும் இடம் விட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். பிடித்த வினாவை முதலாவதாக எழுதாமல் இரண்டாவதாக எழுதுவதும் உதவும்.

நேரம் என்று பேசும்போது எனக்கு அந்த இரண்டு மணித்தியாலமும் வந்துவிடும். 1990 ஒக்டோபர் 30இல் ஊரைவிட்டுப் போக எங்களுக்குத் தரப்பட்ட நேரம் அது. எனக்குப் பதினொரு வயது. எதை எடுப்பது என்று தெரியாமல் புத்தகப் பையை எடுத்தேன். அதை வைத்துவிட்டு வரச்சொன்னார்கள். பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பின்னேரப் பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்வதில்லை. ராத்தாவின் மகளுக்கும் சொல்லவில்லை.

பரீட்சைக்கு முதல் நாள் போன் எடுத்தாள். "சாச்சி, எல்லாம் ஓகே. ஆனா ஹோலுக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்களாம். நேரத்தை எதில பார்க்கிறது?"

கையில் மணிக்கூடு கட்டிப் பழக்கமில்லாத தலைமுறை. பெரியகடைக்குப் போய், முள்ளும் பெரிய இலக்கமும் உள்ள மலிவான ஒன்றை வாங்கிக்கொண்டு நல்லூருக்குப் போனேன். கேற்றில் நின்று வாங்கிக் கட்டிப் பார்த்தாள். ஐந்து நிமிடம் முன்னுக்கு வைக்கவா என்று கேட்டாள். வேண்டாம், சரியான நேரத்தையே வை என்றேன்.