பூமியின் தொப்புள்

'உம்பிலிகுஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் முதற்பொருள் தொப்புள் என்பதாம். ஆயினும் ரோமர் அச்சொல்லை உடலோடு நிறுத்திவிடவில்லை. ஏட்டுச்சுருளின் நடுவேயுள்ள கோலுக்கும், அதன் முனைக் குமிழுக்கும் அதுவே பெயர். சுருளை விரித்து வாசிப்பவன் இறுதியிலேதான் அக்கோலைக் காண்பான். ஆதலால் ஒரு நூலை 'உம்பிலிகுஸ் வரை கொண்டுசெல்லுதல்' என்பது அதனை முடித்தலைக் குறித்தது. ஓராசு என்னும் கவிஞர் அவ்வாறே ஆள்கிறார். நடுவைச் சுட்டிய சொல் முடிவையும் சுட்டலாயிற்று.

எரோனிமுவின் இலத்தீன் திருமறையிலும் இச்சொல்லைக் காண்கிறோம். எசேக்கியேல் 16:4இல் அது பிறந்த பிள்ளையின் அறுக்கப்படாத கொடி. இதில் ஐயமில்லை. ஐயம் எழுவது நியாயாதிபதிகள் 9:37இலும் எசேக்கியேல் 38:12இலும் ஆகும். அவ்விடங்களில் 'பூமியின் உம்பிலிகுஸ்' என்றிருக்கிறது. எபிரெய மூலத்திலுள்ள 'தப்பூர்' என்னும் சொல் பழைய ஏற்பாட்டில் இவ்விரண்டிடங்களில் மட்டுமே வருவதால், அதன் பொருளைக் குறித்து அறிஞர் ஒருமனப்படவில்லை. உயர்ந்த நிலம் என்பர் சிலர். நடு என்பர் வேறு சிலர். கிரேக்க மொழிபெயர்ப்பாளர் 'ஓம்பலோஸ்' என்று எழுதினர். தெல்பி ஆலயத்தில் உலகின் நடுவெனப் போற்றப்பட்ட கல்லுக்கும் அதுவே பெயர் என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர் நிகழ்ந்ததென்ன? எரோனிமு எசேக்கியேல் 5:5க்கு உரை எழுதுகையில், எருசலேமையே பூமியின் தொப்புள் என்றார். மூலத்தில் அவ்வசனத்திலோ 'தப்பூர்' இல்லை. ஏறத்தாழ 1300இல் வரையப்பட்ட எரிபோர்டு உலகப்படத்தின் நட்ட நடுவே எருசலேம் அமர்ந்திருக்கிறது. ஒரு சொல் நிலப்படமாயிற்று.

ஆனால் நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரம் நடப்பது சீகேமில். கெரிசீம் மலை அருகிலுள்ளது. காகால் கண்டது, ஓர் உயர்ந்த இடத்திலிருந்து இறங்கிவரும் படையையே. அதற்கு முந்தின வசனத்தில் செபூல் அதனை மலைகளின் நிழலென்று சொல்லி ஏய்க்கிறான். சொல்லுக்குச் சொல் கொண்டால், பூமிக்குத் தொப்புள் இரண்டென்று நாம் போதிக்கவேண்டிவரும்! இந்த மலையிலா, எருசலேமிலா என்னும் வழக்கு அதே சீகேமுக்கு அண்மையிலுள்ள கிணற்றருகே ஆண்டவரிடமும் வந்தது. அவர் இரண்டில் ஒன்றையும் தெரிந்துகொள்ளவில்லை (யோவான் 4:21).

நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முன்னதற்கு 'மேடு' என்றும் பின்னதற்கு 'நடு' என்றும் வழங்குகிறது. இவ்விரண்டின் கீழும் ஒரே எபிரெயச் சொல் இருப்பதைத் தமிழ் வாசகர் காணார். எசேக்கியேல் 38ஐக் கொண்டு கடைசி நாட்களின் படம் வரைய முற்படும் போதகர், முதலில் இதனைக் கண்டுகொள்வது நலம்.