அடி இலையில் ஒரு வட்டம்

எங்கள் மாடியில் நாலு தொட்டிகளில் தக்காளி நிற்கிறது. போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், மண்ணை ஒட்டிய இலையில் பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். குளத்தில் கல் எறிந்தால் அலை விரியுமே, அதே மாதிரி வட்டத்துக்குள் வட்டம். சுற்றிலும் மஞ்சள் விளிம்பு. நடுவில் தொட்டதும் அப்பளம் போல நொறுங்கியது.

அந்த வட்டங்களைப் போட்டது ஆல்டர்னேரியா என்ற பூஞ்சை. பழைய ரொட்டியில் பூக்கும் பூஞ்சணத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஓரிடத்தில் நுழைந்து, இலையின் செல்களைக் கொன்று தின்றபடியே வெளிப்பக்கம் பரவும். ஈரமும் வெப்பமும் தோதாக இருந்தால் விறுவிறுவென்று வளரும், இல்லாவிட்டால் மெதுவாகத்தான். இந்த ஏற்ற இறக்கமே வளையங்களாகப் பதிகிறது.

ஏன் அடி இலையில் முதலில் வருகிறது? மழைக்குப் பிறகு வெள்ளைச் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள், செம்மண் பொட்டுகள் தெறித்திருக்கும். மண்ணில் கிடக்கும் பழைய சருகுகளில் பூஞ்சையின் வித்துகள் இருக்கும். அவையும் அந்தத் தெறிப்பில் ஏறித்தான் இலைக்கு வருகின்றன. வந்தால் மட்டும் போதாது, முளைக்க வேண்டும். அதற்கு இலைமேல் சில மணி நேரமாவது ஈரம் நிற்க வேண்டும். நானோ தினமும் மாலையில் பூவாளியால் செடியின் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தேன். இரவு முழுக்க இலை காயவே இல்லை. பூஞ்சைக்கு வேண்டியதை நானே கொடுத்திருக்கிறேன்.

எல்லாப் புள்ளியும் பூஞ்சை இல்லை. சின்னச் சின்னதாக, கருத்து, நீர் கோத்ததுபோல இருந்து, நரம்பு வந்ததும் நின்று கோணலாகத் தெரிந்தால் அது பாக்டீரியாவாக இருக்கலாம். வெள்ளைக் கோடு பாம்பாக நெளிந்தால், இலைக்குள் ஒரு குட்டிப் புழு சுரங்கம் தோண்டுகிறது. கத்தரி இலை சுரண்டியதுபோல இருந்தால் பின்பக்கம் திருப்புங்கள். முள் முளைத்த மஞ்சள் புழு உட்கார்ந்திருக்கும். வெண்டையில் நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை போலத் தெரிந்தால் அது வைரஸ், கொண்டு வந்தது வெள்ளை ஈ. அதற்கு மருந்தே கிடையாது. செடியைப் பிடுங்கிவிடுவதுதான் பக்கத்துச் செடிக்குப் பாதுகாப்பு. அதனால்தான் மருந்தைத் தேடுமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள் என்கிறேன்.

என் தக்காளிக்கு என்ன செய்தேன்? புள்ளி விழுந்த இலைகளைக் காய்ந்த நேரத்தில் கிள்ளி, பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினேன், உரக்குழியில் போடவில்லை. தெறிப்பைத் தடுக்க மண்மேல் வைக்கோல் மூடாக்குப் போட்டேன். தண்ணீர் காலையில், வேர்ப்பக்கம் மட்டும். அப்புறம் சூடோமோனாஸ். இது செடிக்கு நல்லது செய்யும் பாக்டீரியா. லிட்டருக்கு 10 கிராம் கரைத்து வெயில் தாழ்ந்ததும் தெளித்தேன்.

இன்னும் முற்றினால் தாமிர மருந்து இருக்கிறது. அது பிறந்த கதை சுவையானது. பிரான்சின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர் திராட்சையைப் பறிக்காமலிருக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசுவார்களாம். அந்தக் கொடிகளை மட்டும் அடிச்சாம்பல் நோய் தொடவில்லை என்பதை மிலார்தே என்ற தாவரவியலாளர் கவனித்தார். 1885இல் அதை மருந்தாக அறிவித்தார். இன்றும் அதன் பெயர் போர்டோ கலவைதான். அதைப் பெரியவர்கள்தான், கையுறை போட்டு, அடிக்க வேண்டும்.

ஒன்று கேட்பீர்கள்: புள்ளி எப்போது மறையும்? மறையாது. அந்த இடத்துச் செல்கள் செத்துப்போயின. அதனால் நான் பழைய புள்ளியைப் பார்ப்பதில்லை. கடைசியாகப் புள்ளி தெரிந்த இடத்துக்கு நேராகத் தண்டில் ஒரு சிவப்பு நூல் கட்டினேன். பத்து நாள் கழித்துப் பார்த்தேன். நூலுக்கு மேலே ஐந்து புது இலைகள், ஐந்தும் பச்சை.